களத்தில் கிடக்கும் நெல் யார் கணக்கு? டெல்டாவின் 18 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் எட்டுத் தொகுதி, திருவாரூரில் நான்கு, நாகப்பட்டினத்தில் மூன்று, மயிலாடுதுறையில் மூன்று. ஆக நீங்கள் 18 பேர். 234 பேர் கொண்ட பேரவையில் இது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் 18 பேரும் ஒரே விஷயத்தை ஒரே கூட்டத்தொடரில் எழுப்பினால் எந்த அமைச்சரும் அதைக் கடந்து போய்விட முடியாது. அதைக் கேட்கத்தான் இந்த மடல். நான் திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் சொந்த நிலமும் குத்தகை நிலமுமாக நெல் போடுகிறவன். எந்தக் கட்சியிலும் இல்லை. உங்களில் யார் எந்தக் கட்சி என்பதும் இந்த மடலுக்குத் தேவையில்லை.

நிதிநிலைக் கூட்டத்தொடர் வருகிறது என்றால் தொகுதிக்கு என்ன கேட்கலாம் என்று எல்லாரும் பட்டியல் போடுவீர்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட பட்டியல்களில் பாலம், புறவழிச்சாலை, கல்லூரி, பேருந்து நிலையம், அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் கட்டடம் என்று வருவது வழக்கம். எல்லாமே வேண்டியவைதான். ஆனால் அவை அந்தந்தத் தொகுதியோடு நின்றுவிடுகிற கோரிக்கைகள். 18 தொகுதிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அரசு நெல் வாங்குகிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொட்டிய நெல், எடை போடும் நாள் வரைக்கும் வெட்டவெளியில் கிடப்பது. வரும் கூட்டத்தொடரில் உங்கள் பட்டியலின் முதல் வரியாக இது வர வேண்டும்.

நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உங்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கோட்டையில் இருந்து கோப்பு பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அங்கே சொன்னால்தான் உண்டு.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபரில்தான் வருகிறது. ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துக் காயவைத்த காலம் போய்விட்டது. இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து டிராக்டரில் நெல் ஏறிவிடும். அப்படி வருவது பச்சை நெல். மழைக்கால அறுப்பில் ஈரப்பதம் 20-க்கு மேல் சர்வ சாதாரணமாக இருக்கும். அரசு எடுத்துக்கொள்கிற வரம்பு 17 சதவீதம். இந்த இடைவெளியை வெயில்தான் இறக்க வேண்டும். வெயில் வேண்டுமென்றால் காய வைக்க இடம் வேண்டும். எங்கள் பக்கம் அந்த இடம் பெரும்பாலும் தார்ச்சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஊர்களுக்கு இடையே போகும் சாலைகளிலும் ஒரு பக்கம் முழுக்க நெல் பரப்பிக் கிடப்பதை நீங்கள் வண்டியில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இருட்டில் இரண்டு சக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுகிறார். நெல்லோடு கல்லும் மண்ணும் சேர்கிறது. அந்தக் கல்லையும் மண்ணையும் காட்டியே பிறகு நெல்லைத் தள்ளி வைக்கிறார்கள்.

நிலையத்து வாசலில் குவித்த நெல்லுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். குவியலுக்குக் கீழே வைக்கோல், மேலே தார்ப்பாய். மழை விட்ட நேரத்தில் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காலால் கிளறிவிட வேண்டும். தூறல் விழுந்தால் ஓடிவந்து மூட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து மூடியிருந்தால் குவியலுக்குள் கையை விட்டாலே சூடு தெரியும். ஒரு புளித்த வாடை வரும். அதற்கு அடுத்த நாள் அடி நெல்லில் வெள்ளையாக முளை நீட்டிவிடும். சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த மணிகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பது தரக் கணக்கு. முளை கண்ட குவியல் அந்தக் கணக்குக்குள் எப்படி நிற்கும்?

நிலையத்தில் இருக்கும் பட்டியல் எழுத்தர், "ஐயா, ஈரம் 19 காட்டுது. ஒரு வெயில் பாத்து எடுத்துட்டு வாங்க" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பருவகால ஊழியர். வாங்கி அடுக்கிய மூட்டை லாரி வராமல் கிடந்து காய்ந்து எடை குறைந்தால் அவரிடமே பிடித்தம் செய்கிறார்கள். ஈரமாக வாங்க அவருக்குப் பயம், எங்களுக்கு நெல்லைத் திருப்பி எடுத்துப்போக வழியில்லை. கொட்டின இடத்திலேயே காவல் கிடக்கிறோம். ஆடு மாடு ஒரு பக்கம், மழை ஒரு பக்கம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இப்படிக் கிடக்கும்போது நனைந்து போகிற நெல் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அது வயலிலேயே அறுத்துக் காயப் போட்ட பயிருக்கு, அதுவும் அதிகபட்சம் 14 நாளுக்கு. வயலை விட்டு நிலையத்துக்கு வந்துவிட்ட நெல் அதில் சேராது. பேரிடர் நிவாரணம் கிடைப்பது, வயலில் நிற்கிற பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால்தான். அறுத்த நெல்லுக்கு அங்கும் இடமில்லை. கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தைக் கேட்டால், எடை போட்டுப் பட்டியல் எழுதிய பிறகுதான் நெல் அவர்களுடையது. வயலில் இருந்து கிளம்பி எடைத்தராசில் ஏறும் வரை, அது ஒரு நாளோ பத்து நாளோ, அந்த நெல் எந்த அரசுக் கணக்கிலும் இல்லை. போனால் முழுக்க எங்கள் தலையில்.

2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், அதோடு மாநில ஊக்கத்தொகை 156. மொத்தம் 2,545. ஒரு சிப்பம் 40 கிலோ என்றால் 1,018 ரூபாய். ஏக்கருக்கு ஐம்பது சிப்பம் என்றே வைத்துக்கொண்டாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் மதிப்புள்ள பொருள் ஒரு தார்ப்பாயை நம்பிக் கிடக்கிறது. அதில் உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் ஏற்கெனவே கடனாகச் செலவாகிவிட்டது. குத்தகைதாரர் என்றால் நிலத்துக்காரருக்குப் போக வேண்டிய நெல்லும் அதே குவியலில்தான் இருக்கிறது. விலையை உயர்த்தியதற்கு நன்றி சொல்கிறோம். மனதாரச் சொல்கிறோம். ஆனால் எடை ஏறாத நெல்லுக்கு விலை 2,545 ஆனால் என்ன, 3,000 ஆனால் என்ன?

இதை ஏன் ஆட்சியரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்கலாம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு முளைத்த நெல்லைப் பையில் கட்டிக்கொண்டு போய் மேசையில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆட்சியர்கள் பலர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். உடனே இரண்டு லாரி கூடுதலாக அனுப்பச் சொன்னவர்களும் உண்டு. அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். கூரை போட, தளம் போட, உலர்த்தும் இயந்திரம் வாங்க வேண்டிய பணத்தை ஒதுக்குகிற இடம் சட்டமன்றம். அதுவும் மழைக்கு ஆறேழு மாதம் முன்னால், துறைக்கான செலவுப் பணத்தை அவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கை நிறைவேறுகிற அன்றைக்கே அந்த வருஷத்துக்கான முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது. நாங்கள் அக்டோபரில் மறியல் செய்யும்போது காலம் கடந்திருக்கிறது. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு மாதம் வரை இடைவெளி விட அரசியலமைப்பின் 174-ஆவது பிரிவு இடம் தருகிறது. நிதிநிலைக் கூட்டத்தொடரில் இதை விட்டுவிட்டால், அவை மறுபடி கூடும்போது குறுவை நெல் நனைந்து முடிந்திருக்கும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவை நடவடிக்கையை ஆர்வமாகக் கவனிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கேள்விகள். ஒவ்வொருவரும் உங்கள் தொகுதி நிலையங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். எத்தனை நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, எத்தனை வாடகை இடத்திலும் கோயில் திடலிலும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பொட்டலிலும் நடக்கிறது, எத்தனைக்கு உலர்களம் இருக்கிறது, நெல் வந்த நாளுக்கும் எடை போட்ட நாளுக்கும் இடையே சென்ற குறுவையில் அதிகபட்சம் எத்தனை நாள் ஆனது, வாங்கிய நெல் லாரியில் ஏற எத்தனை நாள் ஆனது. மாநிலம் முழுவதுக்குமாகக் கேட்டால், இத்தனை லட்சம் டன் கொள்முதல், இத்தனை ஆயிரம் கோடி பட்டுவாடா என்று ஒரு பெரிய எண் பதிலாக வரும். மேசை தட்டுவார்கள், விஷயம் முடிந்துவிடும். ஊர்ப் பெயரோடு கேட்டால் ஊர்ப் பெயரோடுதான் பதில் சொல்லியாக வேண்டும். 18 தொகுதிப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே என்ன இல்லை என்பது யாருக்கும் விளங்கிவிடும்.

அடுத்தது உணவுத் துறை மானியக் கோரிக்கை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறவர்கள் அடையாளமாக நூறு ரூபாய் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தை இந்த ஒரு பொருளுக்காகவே கொடுங்கள். ஆளுங்கட்சி வரிசையில் இருக்கிறவர்கள் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள். உங்களை வேண்டிக் கேட்கிறேன், தலைவர்களுக்கு நன்றியும் வாழ்த்தும் சொல்வதில் அந்த நேரம் கரைந்துவிட வேண்டாம். நன்றியை எழுதிக் கொடுத்துவிடலாம். நெல்லைப் பற்றி அவைக் குறிப்பில் ஏறியாக வேண்டும்.

கேட்க வேண்டியது என்ன? 2022-க்குப் பிறகு மேற்கூரையோடு நெல் சேமிப்புத் தளங்கள் பல இடங்களில் கட்டப்பட்டன. நல்ல வேலை. ஆனால் அவை வாங்கிய நெல்லை அடுக்கி வைக்கிற இடங்கள். வாங்கப்படாமல் வாசலில் காத்திருக்கும் நெல்லுக்கு அந்தக் கூரை உதவாது. ஆகவே வருஷா வருஷம் நிலையம் திறக்கப்படுகிற ஊர்களில் தளத்தோடும் கூரையோடும் ஒரு கொட்டகை வேண்டும். சுவர்கூட வேண்டாம். பக்கத்தில் சிமென்ட் உலர்களம் வேண்டும். கூரை போட முடியாத இடங்களுக்கு ஊர் ஊராக நகர்த்தக்கூடிய உலர்த்தும் இயந்திரம் வேண்டும். நிரந்தர இடம் கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். பல ஊர்களில் அது உண்மையும்கூட. அங்கே ஊராட்சியையும் கோயில் நிர்வாகத்தையும் உட்கார வைத்துப் பேசி இடம் வாங்கிக் கொடுப்பதுதான் ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு பங்கையும் இதற்குப் போடலாம். சமுதாயக்கூடம் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கும்.

கட்டடத்தைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது, அதற்குச் செலவும் குறைவு. நெல் நிலையத்துக்கு வந்த அன்றே வரிசை எண்ணும் தேதியும் போட்டு ஒரு சீட்டு தர வேண்டும். இணையப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது, அதோடு இதையும் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. சீட்டு கொடுத்து இத்தனை நாளுக்குள் எடை போடவில்லை என்றால், அதற்குப் பிறகு மழையால் வருகிற சேதம் வாங்குகிறவர் பொறுப்பு என்று விதி செய்ய வேண்டும். எத்தனை நாள் என்பதை நீங்களும் அமைச்சரும் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று நாள் என்றாலும் எங்களுக்குச் சம்மதம், ஐந்து என்றாலும் சம்மதம். அந்த எண் காகிதத்தில் இல்லாத வரைக்கும் எங்களைக் காக்க வைப்பதால் யாருக்கும் ஒரு பைசா நட்டம் இல்லை. எண் வந்துவிட்டால் லாரி நேரத்துக்கு வரும், சாக்கு நேரத்துக்கு வரும்.

சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிற பழக்கத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் அவையிலும் பலமுறை பேசியாயிற்று. லஞ்ச ஒழிப்புத் துறை சோதனைகளும் நடந்திருக்கின்றன. சோதனை நடந்த வாரம் நின்று பிறகு தொடர்வதைத்தான் பார்க்கிறோம். அது எங்கே பிழைக்கிறது தெரியுமா? வரிசையில்தான். மேகம் கூடி நிற்கும்போது "என் நெல்லை முதலில் எடுங்கள்" என்று கெஞ்ச வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால், கேட்டதைக் கொடுத்துவிடுவார். தலைக்கு மேல் கூரையும் கையில் வரிசைச் சீட்டும் இருந்தால் கெஞ்ச வேண்டியதில்லை.

ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மழையிலும் மாநில அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதும், 22 சதவீதம் வரை எடுக்க அனுமதி கேட்கும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும். பதில் வருவதற்குள் அந்த நெல் முளைத்துவிடும். டெல்டா மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தளர்வு தானாகவே அமலுக்கு வர வேண்டும், குழு வந்து பார்த்துச் செல்லும் வரை காத்திருக்க வைக்கக் கூடாது என்று பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். தீர்மானத்துக்கு டெல்லி இசையுமா என்று சிலர் கேட்பார்கள். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று நிலக்கரிச் சுரங்கப் பகுதிகள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது பேரவையில் கட்சி வேறுபாடு பார்க்காமல் எழுந்து பேசினார்கள். சில நாளிலேயே மூன்றையும் ஒன்றிய அரசு பட்டியலில் இருந்து எடுத்தது. டெல்டா பேசினால் எடுபடும்.

இந்த மண்ணுக்கென்று சட்டமன்றம் செய்திருக்கிற காரியங்கள் சிறியவை அல்ல. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நடந்த கொடுமைக்குப் பிறகு 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2021-இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையே வாசிக்கத் தொடங்கினார்கள். மண்ணைப் பாதுகாக்க மண்டலம் அறிவித்தாயிற்று. அதில் விளைந்த நெல்லை நாலு நாள் பாதுகாக்க ஏற்பாடு இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தூர்வாருதல், காப்பீட்டு நிலுவை, மேகேதாட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வராதது, கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாவது, இவையெல்லாம் எனக்கும் தெரியும். மேகேதாட்டு பற்றிப் பேச அவையில் ஆள் குறையாது. தூர்வாருதல் பற்றி மேட்டூர் திறப்பதற்கு முன் யாராவது கேட்டுவிடுவார்கள். நெல் குவியலைப் பற்றி மழை வந்த பிறகுதான் பேச்சு வருகிறது என்பதால்தான் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்தொடர் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. வாணிபக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களை ஆராயப் பொது நிறுவனங்கள் குழு இருக்கிறது. இந்தக் குழுக்கள் மாவட்டங்களுக்கு நேரில் வருகின்றன. உங்களில் அந்தக் குழுக்களில் இடம் பெறுகிறவர்கள் டெல்டா பயணத்தை அக்டோபர் மாதத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆய்வு மாளிகையில் உட்கார்ந்து அறிக்கை கேட்க வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு நிலையங்களுக்கு வந்து, குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்விகளுக்கு வேண்டிய விவரத்தைத் திரட்ட ஆள் இல்லை என்றால் அந்தக் கவலை வேண்டாம். நிலையம் எந்த ஊரில், இடம் யாருடையது, கூரை உண்டா, உலர்களம் உண்டா, சென்ற குறுவையில் எந்தத் தேதியில் திறந்தார்கள், எத்தனை நாள் நெல் காத்துக் கிடந்தது என்று ஊர் வாரியாக எழுதிக் கொடுக்க எங்கள் சங்கங்களிலும் இளைஞர்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வட்டத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு உங்கள் தொகுதி அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறோம். கேள்விகளைப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்ப உங்களுக்குக் கடைசி நாள் எது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் உங்கள் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டத்துக் கடைமடை விவசாயி ஒருவர்